பழைய மோட்டார் வண்டியும் முதிர்ந்த டயரும்

பொருள்கள் அழியும் வழி இரண்டு. உழைப்பால் வருவது தேய்வு. காலத்தால் வருவது மூப்பு. உழுத கலப்பையின் கொழு தேய்கிறது. குதிருக்குள் கிடக்கும் விதை மூப்படைகிறது. தேய்வைக் கண் காணும். மூப்பைப் பல வேளைகளில் கண் காணாது. மோட்டார் வண்டியின் டயருக்கு இவ்விரண்டும் உண்டு. ஆயினும் வண்டி வைத்திருப்போரில் பெரும்பாலோர் தேய்வை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர். டயரின் மேற்பட்டையில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் ஆழமாக இருந்தால் டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தும். அதன் டயர் மூப்படைவதற்கு முன்னரே தேய்ந்துபோகும், தேய்ந்ததும் மாற்றப்படும். ஆனால் அருமை கருதிப் பாதுகாக்கப்படும் பழைய வண்டிகளின் நிலை வேறு. 1948 முதல் 1971 வரை உருவான மோரிஸ் மைனர் வண்டியை இன்றும் துடைத்துப் போற்றி வைத்திருப்போர் பல நாடுகளில் உள்ளனர். அத்தகைய வண்டி ஆண்டில் சில நூறு மைலே ஓடுகிறது. சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கென உள்ள பதிவுத் திட்டத்தின்கீழ், அவற்றை ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களே சாலையில் ஓட்டலாம். ஆகவே அவற்றின் டயர் தேய்வதே இல்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் கடந்தும் புதியதுபோல் தோன்றும். அத்தோற்றத்தை நம்பிக் குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் ஏறுவது தகுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பாலும் கந்தகமும்

டயர் ஏன் மூப்படைகிறது என்பதை அறிய ரப்பரின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மலாயாத் தமிழருக்கு ரப்பர் புதிய பொருளன்று. 1877-ஆம் ஆண்டில் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை நிலைநாட்டினார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கினர் தமிழர். மங்கில் வடிந்த அப்பாலின் மிகப்பெரிய பயன் டயராகவே இருந்தது.

பால் உறைந்து கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனால் நிலையான பொருள் எதுவும் செய்ய இயலவில்லை. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கும் என்று கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவரும் இம்முறைக்கு உரிமை பெற்றார். உரோமரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரால் இது வல்கனைஸ் செய்தல் எனப்பட்டது. கந்தகப் பக்குவம் என்று தமிழில் கூறலாம்.

இப்பக்குவத்தில் நிகழ்வது யாது? ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற அணுத்திரள்களால் ஆனது. பச்சை ரப்பரில் இச்சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. கந்தகம் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே பாலமாக நின்று பிணைக்கிறது. பாலம் அளவாக இருந்தால் ரப்பர் இழுபட்டு மீளும். மிகுந்துவிட்டால் விறைத்துப்போகும். சங்கிலியே அறுந்தால் வலிமை குன்றும். டயரின் இளமை என்பது இந்த அளவான பிணைப்பே. மூப்பு என்பது அவ்வளவு கெடுவதே.

காற்றே பகை

அளவைக் கெடுப்பது எது? உயிருக்கு ஆதாரமான பிராணவாயுவே ரப்பருக்குப் பகையாகிறது. ரப்பர்ச் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ரப்பருக்கு மீள்தன்மை தரும் அமைப்பில் அவற்றுக்குப் பங்குண்டு. தாக்குதலுக்கு இடந்தருபவையும் அவையே. பிராணவாயு அங்குப் புகுந்து சில சங்கிலிகளை அறுக்கிறது; வேறு சிலவற்றைப் புதிதாகப் பிணைக்கிறது. நாளடைவில் ரப்பர் நெகிழ்ச்சி இழந்து கடினமாகிறது.

பிராணவாயுவின் உறவான ஓஸோன் இன்னும் கொடியது. காற்றில் பத்துக்கோடிப் பங்கில் சில பங்கே இருந்தாலும், இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரை அது வெடிக்கச் செய்யும். இழுப்புக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். நெடுநாள் நின்ற வண்டியின் டயர்ப் பக்கச்சுவரில் காணப்படும் மயிரிழை போன்ற கோடுகள் பெரும்பாலும் இவ்வாறு வந்தவையே. 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர், வளைத்துவைத்த ரப்பர்த் துண்டில் வெடிப்பு விழுவதைக் கொண்டே காற்றிலுள்ள ஓஸோனை அளந்தார் என்றால், ரப்பருக்கும் ஓஸோனுக்கும் உள்ள பகைமை விளங்கும்.

இவற்றைத் தடுக்க டயர் செய்வோர் மெழுகும் காப்பு மருந்துகளும் ரப்பரில் கலக்கின்றனர். அவை சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு வந்து தம்மையே பகைக்கு இரையாக்கி ரப்பரைக் காக்கின்றன. ஆனால் அவற்றின் அளவு எல்லையுடையது. மழையும் சோப்பு நீரும் அவற்றைக் கழுவிக்கொண்டு போகின்றன. மேலும், டயர் ஓடி நெளியும்போதுதான் காப்பு மருந்து நன்கு பரவுகிறது என்றும், நிறுத்தியே வைத்த டயருக்கு அந்நன்மை குறைவு என்றும் டயர் செய்வோர் கூறுவர். ஓய்வு டயருக்கு நலம் தருவதில்லை.

வெப்பத்தின் கணக்கு

வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு கூடும். 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. லண்டனின் ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 11 டிகிரி. சிங்கப்பூரின் சராசரி 27 டிகிரிக்கும் மேல். பதினாறு டிகிரி வேறுபாட்டுக்கு அக்கணக்கைப் பொருத்தினால், ரப்பரின் மூப்பு இங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாகும். ஒவ்வொரு டயருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. நிழல், வெயில், சுமை, செய்முறை எல்லாம் கணக்கை மாற்றும். ஆனால் குளிர்நாட்டு நூல்களில் கூறப்படும் ஆண்டெல்லையை வெப்பநாட்டில் மேலும் நீட்டிக்கொள்ள இடமில்லை என்பது உறுதி.

அமெரிக்காவில் கிடைத்த சான்றும் இதற்கு அரணாகிறது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் நாடாளுமன்றத்துக்கு டயர் மூப்பைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தது. அதில் ஒரு பெரிய காப்புறுதி நிறுவனத்தின் கணக்கு இடம்பெற்றுள்ளது. டெக்ஸஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிஸோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 விழுக்காட்டினரே இருந்தனர். ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 விழுக்காடு அங்கிருந்தே வந்தன. அவற்றுள் 84 விழுக்காட்டில் டயரின் வயது ஆறு ஆண்டுக்கு மேல்.

உள்ளே நிகழ்வது

வெளியே தெரியும் வெடிப்பு மட்டுமே மூப்பு அன்று. உள்ளே நிகழ்வதே பெருந்தீங்கு. டயருக்குள் அடைத்த காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு எனில், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து உள்ளே மொத்தம் மூன்று மடங்கு காற்றழுத்தம் ஆகிறது. ஆகவே பிராணவாயுவும் அங்கு மூன்று மடங்கு நெருக்கமாக இருக்கிறது. அது உட்பூச்சின் ஊடாக மெல்ல மெல்லக் கசிந்து டயரின் உடலுக்குள் செல்கிறது. டயர் உள்ளிருந்தே முதிர்கிறது என்பதன் பொருள் இதுவே. ஒருமுறையும் சாலையைத் தொடாத மாற்றுச் சக்கரத்தின் டயரும் காற்றடைத்து வைத்திருந்தால் முதிர்வது இக்காரணத்தால்தான்.

இக்காலத்து ரேடியல் டயரில் மேற்பட்டைக்கு அடியில் எஃகு இழைகளாலான இரண்டு வார்கள் உள்ளன. சக்கரம் சுழலும்போது அவ்வார்களின் விளிம்பில் இழுபறி மிகுதி; வெப்பமும் மிகுதி. அங்குள்ள ரப்பர் கடினமாகிவிட்டால், எஃகிழையின் நுனியில் ஒரு சிறு பிளவு தோன்றுகிறது. பிளவு இரண்டு வார்களுக்கும் நடுவே பரவுகிறது. ஒரு நாள் வேகத்தில் செல்லும்போது மேற்பட்டை முழுவதும் உரிந்து பறக்கிறது. சுழற்சியால் பட்டையை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 30 மைல் வேகத்தில் இருந்ததைவிட 60 மைல் வேகத்தில் அது நான்கு மடங்கு. ஊருக்குள் ஓடி நன்றாக இருந்த டயர் நெடுஞ்சாலையில் உரிவதற்குக் காரணம் இதுவே. வெடிப்புகளின் வழியே ஈரம் புகுந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்தால் கேடு இன்னும் விரைவாகும்.

ரேடியல் அமைப்புக்கு மிச்சலின் நிறுவனம் 1946-இல் உரிமை பெற்றது. அதற்கு முற்பட்ட வண்டிகளுக்கு உரியவை இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் செல்லும் பழைய அமைப்பு டயர்கள். அவற்றில் எஃகு வார் இல்லை; ஆயினும் இழை அடுக்குகளைப் பிணைப்பது அதே ரப்பரே. மேலும், அவற்றில் பல டியூப் உள்ளவை. துளை விழுந்தால் டியூப் இல்லாத டயரில் காற்று மெல்ல இறங்குவதுண்டு. டியூப் கிழிந்தாலோ காற்று நொடியில் வெளியேறும்.

விபத்துகள் காட்டிய பாடம்

2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த இசைவிழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்ப்பூல் நோக்கிச் சென்ற பேருந்து, சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூவர் மாண்டனர். முன்சக்கரத்து டயர் பழுதானதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த டயரின் வயது 19 ஆண்டுக்கு மேல். பேருந்தைவிட டயருக்கு வயது அதிகம். அக்காலத்தில் டயரின் வயதுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் எல்லையே இல்லை. மாண்ட இளைஞர் ஒருவரின் தாயார் ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கம் சட்டத்தை மாற்றத் துணைநின்றது. 2021 பிப்ரவரி முதல் நாளிலிருந்து, பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயரை லாரி, பேருந்து ஆகியவற்றின் முன்னச்சில் பொருத்துவது அங்குக் குற்றமாகும்.

அருமை கருதிச் சேர்க்கப்படும் வண்டிகளிலும் இத்தகைய செய்தி உண்டு. திரைப்பட நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30-ஆம் நாள் கலிபோர்னியாவில் விபத்தில் இறந்தார். அவர் பயணியாக அமர்ந்திருந்த போர்ஷ் வண்டி 2005-ஆம் ஆண்டின் ஆக்கம். மிகையான வேகமே விபத்துக்குக் காரணம் என்று காவல்துறையினர் முடிவு கூறினர். ஆனால் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும், அதனால் வண்டியின் பிடிப்பு குறைந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே குறித்தனர். கடினமான டயர் வெடிக்காவிட்டாலும் சாலையைப் பற்றாது; மழை பெய்த சாலையில் இக்குறை இன்னும் மிகும்.

சட்டம் விட்ட இடம்

2021-இன் ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்டு, வாணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்கு அத்தடை இல்லை. பழம்பொருளைப் போற்றுவோருக்கு இடையூறு வேண்டாம் என்பது அதன் நோக்கம். ஆனால் விலக்குப் பெற்றதனால் அவ்வண்டியின் ரப்பர் மெதுவாக மூப்படைவதில்லை. சட்டம் கேளாத இடத்தில் உடைமையாளரே கேட்க வேண்டியவராகிறார்.

அவர் கேட்டாக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய வண்டியில் ஒரு டயர் போனாலும், இருக்கை வாரும் காற்றுப்பையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கும் உயிர் காக்க முயலும். ஐம்பதுகளின் வண்டியில் இவை ஒன்றும் இல்லை. டயர் பழுதானால் அடுத்த அரண் எதுவும் கிடையாது.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம்

டயரின் வயதை அறிவது கடினமன்று. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கம் இருக்கும். முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3511 என்றிருந்தால் அது 2011-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இம்முறை நடப்பிலுள்ளது. அதற்கு முன் மூன்று இலக்கமே இருந்தது. ஆகவே மூன்று இலக்கம் மட்டும் காணப்பட்டால், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அந்த டயர் கால் நூற்றாண்டு கடந்தது. நான்கு இலக்கமும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதுண்டு. வெளிப்புறத்தில் காணாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

எத்தனை ஆண்டு தகும்? வண்டி செய்வோர் சிலர் ஆறு ஆண்டில் மாற்றிவிடச் சொல்கின்றனர். மிச்சலின் நிறுவனம், ஐந்து ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுமாறும், பத்து ஆண்டானால் தோற்றம் எவ்வாறிருப்பினும் மாற்றிவிடுமாறும் கூறுகிறது. வெப்பநாட்டில் வாழ்வோர் இவ்விரண்டு எல்லைகளுள் ஆறாண்டுக்கு அருகில் நிற்பதே அறிவுடைமை.

சொல்லப்படும் சமாதானங்கள்

பழைய வண்டி வைத்திருப்போர் சில சமாதானங்கள் கூறுவதுண்டு. அவற்றை எடைபோடுதல் தகும்.

"பள்ளம் ஆழமாக இருக்கிறதே" என்பது முதற் சமாதானம். பள்ளத்தின் ஆழம் தேய்வுக்கு மட்டுமே அளவு; பல நாடுகளின் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் அதைப் பற்றியதே. மூப்புக்கு அது சான்றாகாது.

"மெதுவாகத்தான் ஓட்டுகிறோம்" என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. 1905-க்கு முற்பட்ட வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு ஆண்டுதோறும் ஊர்ந்து செல்லும் விழாவில், வேகத்தால் வரும் கேடு குறைவு. ஆனால் அறுபதுகளின் வண்டி நெடுஞ்சாலை வேகத்தில் ஓடவல்லது. பின்னால் வரும் லாரியின் நெருக்கடியால் ஓட்டவும் நேரிடும்.

"வண்டியோடு வந்த டயர்; மாற்றினால் பழைமை கெடும்" என்பது மூன்றாவது. இதுவே மனத்தை மிகவும் கட்டிப்போடுவது. ஆனால் பழைய வண்டியின் முதல் உடைமையாளர் தம் காலத்தில் தேய்ந்த டயரை மாற்றிக்கொண்டே இருந்தவர்தாம். பழைய அளவிலும் பழைய வடிவிலும் டயர்களைப் புதிதாக வார்த்துத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் உள்ளன. முதல் டயரின்மீது பற்றுள்ளவர், அதைத் தனிச் சக்கரத்தில் பூட்டிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். சாலைக்கு வேறு சக்கரம் வைத்துக்கொள்ளலாம்.

"வெடிப்பு ஒன்றும் இல்லையே" என்பது நான்காவது. வெடிப்பு இருந்தால் டயர் கெட்டது என்று துணியலாம். வெடிப்பு இல்லாமையால் நல்லது என்று துணியலாகாது. வார்களின் நடுவே பரவும் பிளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. டயருக்குப் பூசும் கருப்பு மெருகு வெடிப்பை மறைக்குமேயன்றி அறுந்த சங்கிலியை ஒட்டாது.

செய்யத்தக்கவை

டயரை விலைக்கு வாங்கும்போது கடைக்காரர் விற்ற நாளைப் பாராமல், செய்யப்பட்ட வாரத்தைப் பார்த்து வாங்குக. பழைய அளவு டயர்கள் குறைவாக விற்பவை. கடையிலேயே சில ஆண்டு கிடந்திருக்கக்கூடும். டயரை மாற்றும்போது டியூபையும் வால்வையும் மாற்றுக. மாற்றுச் சக்கரத்தின் டயரையும் கணக்கில் சேர்க்க. முன்சக்கரங்களில் ரேடியலும் பின்சக்கரங்களில் பழைய அமைப்பும் கலந்து பூட்டுதல் கூடாது. வளைவில் பின்பகுதி விலகி வண்டி சுழலும்.

காற்று குறைந்த டயர் மிகுதியாக நெளிந்து சூடேறும். ஆதலின் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் காற்றை அளந்து நிரப்புக. நெடுநாள் நிறுத்தும் வண்டியை வெயில் படாத இடத்தில் வைக்க. இயன்றால் அச்சின் கீழ் முட்டுக்கொடுத்துச் சக்கரங்களின் சுமையை நீக்குக. மின்மோட்டாரின் தீப்பொறியால் ஓஸோன் உண்டாகும். ஆகவே அத்தகைய கருவிகள் ஓடும் பட்டறைக்குள் டயரைச் சேமித்தல் ஆகாது. ஓடும்போது புதிதாக அதிர்வு தோன்றினாலும், டயரில் எங்கேனும் புடைப்புக் கண்டாலும், வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே கடன். திடீரென்று பிரேக் அழுத்துவது தீங்கை மிகுவிக்கும்.

நான்கு டயர்களின் விலை, பழைய வண்டிக்குச் சாயம் பூசவும் முலாம் போடவும் ஆகும் செலவை நோக்கச் சிறிது. ஆயினும் சாயம் பார்வைக்குத் தெரிகிறது. டயரின் இளமை தெரிவதில்லை. அதனாலேயே அச்செலவு ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது. வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் படிப்பதற்குச் செலவேதும் இல்லை. பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகள் அதைப் படித்துப் பார்த்து ஏறுவதில்லை. அவர்களுக்காகப் படிக்க வேண்டியவர் ஓட்டுபவரே.